பயனர் திருத்தி எழுதும் எண்ணங்கள்

கைபேசியில் ஒரு குறிப்பிட்ட வேலையை முடித்துக்கொள்வதற்காக நிறுவப்படும் மென்பொருள் செயலி எனப்படுகிறது. 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அந்நிறுவனம் முன்கூட்டியே நிறுவித் தந்த சில செயலிகள் மட்டுமே அதில் இருந்தன. வெளியார் எழுதும் செயலிகளைச் சேர்த்துக்கொள்ள அதில் வழியில்லை. 2008 ஜூலை 10 அன்று ஏறத்தாழ 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் என்ற இணையக் கடையை ஆப்பிள் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் தொடங்கிய ஆண்ட்ராய்டு மார்க்கெட் பிற்காலத்தில் கூகுள் பிளே எனப் பெயர் மாறியது. அதுவரை எந்த மென்பொருள் கைபேசிக்குள் நுழையலாம் என்பதைப் பெரும்பாலும் கருவித் தயாரிப்பாளர்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் முடிவு செய்துவந்த நிலையில், இக்கடைகள் திறந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு தனி நிரலாளரும் தம் படைப்பை உலகெங்கும் கொண்டுசேர்க்க முடிந்தது. கொண்டுசேர்ப்பது எளிதானதும், எதை உருவாக்குவது என்ற கேள்வியே முதன்மையான சிக்கலாக முன்வந்து நின்றது.

இக்கேள்விக்கு விடை திடீரெனத் தோன்றும் ஒரு புதுமையான யோசனையில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பெரும் பயன்பாட்டுக்கு வந்த செயலிகளின் வரலாறோ வேறுவிதமாகப் பேசுகிறது. அவற்றை உருவாக்கியவர்களின் முதல் யோசனை, மனிதர்களின் பழக்கத்தைப் பற்றிய ஓர் ஊகமாகவே இருந்தது. அந்த ஊகத்தின் எந்தப் பகுதி சரி, எந்தப் பகுதி பிழை என்பதைப் பயனர்கள் தம் செயலால் காட்டினர். காட்டியதைப் பார்த்துத் தம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ளத் துணிந்தவர்களே நிலைத்தனர். செயலி வடிவமைப்பு என்ற துறை, இந்தத் திருத்தத்தை விரைவாகவும் குறைந்த செலவிலும் நிகழ்த்துவதற்கான வழிமுறைகளின் தொகுப்பு என்று கொள்ளலாம்.

ஏற்கெனவே நடப்பதைக் கவனித்தல்

திறன்பேசிகள் பரவுவதற்கு முன்பே கென்யாவில் தோன்றிய எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை இதற்குத் தெளிவான சான்று. நைரோபி போன்ற நகரங்களில் உழைத்தவர்கள் ஊரிலிருக்கும் குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. வங்கிக் கிளைகள் குறைவாக இருந்ததால், பேருந்து ஓட்டுநரிடமோ ஊருக்குச் செல்லும் தெரிந்தவரிடமோ பணத்தைக் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது. கைபேசிக்கு முன்கட்டணமாக வாங்கிய பேச்சு நேரத்தை மற்றொருவருக்கு மாற்றிக்கொடுத்து, அதையே பணத்துக்கு ஈடாகப் பயன்படுத்தியவர்களும் இருந்தனர். இச்சூழலில் வோடஃபோன் நிறுவனமும் பிரிட்டன் அரசின் பன்னாட்டு வளர்ச்சித் துறையும் செலவைப் பகிர்ந்துகொண்டு, கென்யாவின் தொலைத்தொடர்பு நிறுவனமான சஃபாரிகாம் வழியாக 2005இல் ஒரு வெள்ளோட்டத்தைத் தொடங்கின. சிறுகடன் பெற்றவர்கள் தவணைத் தொகையைக் கைபேசி மூலம் திருப்பிச் செலுத்த உதவுவதே அதன் நோக்கம். வெள்ளோட்டத்தில் கலந்துகொண்டவர்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்ளவும் அச்சேவையைப் பயன்படுத்தத் தொடங்கினர். அதைக் கவனித்த குழுவினர் கடன் தொடர்பான சிக்கலான பகுதிகளை விலக்கி, ஊருக்குப் பணம் அனுப்புதல் என்ற ஒரே பயனை முன்னிறுத்தி 2007 மார்ச்சில் சேவையை நாடு முழுவதும் அறிமுகப்படுத்தினர். சிம் அட்டையிலேயே அமைந்த எழுத்துப் பட்டியல், பணத்தை வாங்கவும் கொடுக்கவும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களான முகவர்கள், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உறுதிச் செய்தி என்ற எளிய அமைப்பு, விலை குறைந்த கைபேசி வைத்திருந்தவருக்கும் எட்டியது.

எண்ணங்களைத் தேடுபவர்கள் இதிலிருந்து பெறக்கூடிய முதற்பாடம், மக்கள் ஒரு தேவையைச் சமாளிக்கத் தாமே செய்துகொண்ட மாற்று ஏற்பாடுகளைத் தேட வேண்டும் என்பது. கைபேசியின் முகவரிப் பட்டியலில் பெயருக்கு முன்னால் தொழிலையும் சேர்த்து, "பிளம்பர்", "ஆட்டோ", "கேஸ்" என்று பதிந்துவைப்பது அத்தகைய ஏற்பாடு. மளிகைக் கடையில் தொங்கும் கடன் நோட்டும் அத்தகையதே. அந்த நோட்டில் நடக்கும் பற்று வரவைக் கைபேசிக்கு மாற்றி, பாக்கியை வாடிக்கையாளருக்கு நினைவூட்டும் செய்தியையும் சேர்த்துத் தந்தவையே ஓகேகிரெடிட், கட்டாபுக் போன்ற இந்தியச் செயலிகள். மாற்று ஏற்பாடு எங்கே நிலவுகிறதோ அங்கே தேவை உண்மையானது என்பதற்கும், அத்தேவைக்காக மக்கள் சிரமப்படவும் தயாராக இருக்கிறார்கள் என்பதற்கும் சான்று கிடைத்துவிடுகிறது. "இப்படி ஒரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்விக்கு மரியாதைக்காகக் கிடைக்கும் "ஆம்" என்ற விடையைக் காட்டிலும், கடைசியாக அந்தச் சிக்கல் வந்தபோது ஒருவர் என்ன செய்தார் என்று கேட்டு அறியும் விவரம் பல மடங்கு நம்பகமானது.

கூட்டுவதும் கழிப்பதும்

வாட்ஸ்அப்பின் தொடக்கம் செய்தி அனுப்பும் செயலியாக அமையவில்லை. யாகூ நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கூம், 2009இன் தொடக்கத்தில், முகவரிப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் பெயருக்கு அருகிலும் அவரது அப்போதைய நிலையைக் காட்டும் ஒரு செயலியை எண்ணினார்: கூட்டத்தில் இருக்கிறார், மின்கலம் தீரப்போகிறது என்பன போன்ற குறிப்புகள். அச்செயலி தொடக்கத்தில் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. அதே ஆண்டு ஜூனில், செயலி திறக்கப்படாமல் இருக்கும்போதும் பயனரின் திரையில் அறிவிப்பைத் தோன்றச் செய்யும் வசதியை ஆப்பிள் வழங்கியது. ஒருவர் தம் நிலைக்குறிப்பை மாற்றினால் அது உடனே நண்பர்களின் திரையில் தோன்றும் என்றானதும், பயனர்கள் நிலைக்குறிப்பையே ஒருவரையொருவர் சீண்டவும் பதில் சொல்லவும் பயன்படுத்தினர். அவ்வழக்கத்தைக் கண்ட கூம், செய்திப் பரிமாற்றத்தையே மையமாக்கிச் செயலியைத் திருத்தி எழுதினார். கடவுச்சொல்லும் பயனர் பெயரும் கேட்காமல் தொலைபேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டதும், ஏற்கெனவே உள்ள முகவரிப் பட்டியலையே நண்பர் பட்டியலாக ஏற்றுக்கொண்டதும் அதன் பரவலுக்குப் பெருந்துணையாயின. 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் அதை 1,900 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தபோது, வாட்ஸ்அப்பில் பணியாற்றியவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 55 மட்டுமே.

இன்ஸ்டாகிராமின் கதையில் திருத்தம் கழித்தலாக நிகழ்ந்தது. கெவின் சிஸ்ட்ரோம், மைக் க்ரீகர் ஆகிய இருவரும் முதலில் உருவாக்கிய பர்பன் என்ற செயலியில், இருக்கும் இடத்தைப் பதிவு செய்தல், நண்பர்களுடன் சந்திப்பைத் திட்டமிடுதல், படம் பகிர்தல் எனப் பல வசதிகள் அடுக்கப்பட்டிருந்தன. பயனர்களில் பெரும்பாலோர் மற்றவற்றை ஒதுக்கிவிட்டுப் படம் பகிர்வதையே விரும்பியதைக் கண்ட அவர்கள், படம், கருத்து, விருப்பக்குறி ஆகியவற்றைத் தவிர ஏனையவற்றை நீக்கினர். 2010 அக்டோபரில் புதிய பெயருடன் வெளியான அச்செயலியை முதல் நாளிலேயே ஏறத்தாழ 25,000 பேர் பதிவிறக்கினர். வசதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் மதிப்பு கூடும் என்ற இயல்பான கருத்துக்கு இது மாறானது. சிறு திரையில் சேர்க்கப்படும் ஒவ்வொரு பொத்தானும், ஏற்கெனவே இருக்கும் பொத்தான்களைக் கண்டுபிடிப்பதை இன்னும் சற்றுக் கடினமாக்குகிறது என்பதே அதற்குக் காரணம்.

எண்ணத்தை ஒரே வாக்கியமாக்குதல்

இத்தகைய திருத்தத்துக்கு இடம் தர வேண்டுமானால், எண்ணம் முதலில் சோதித்துப் பார்க்கக்கூடிய வடிவில் எழுதப்பட வேண்டும். யார், எந்தச் சூழலில், எந்த வேலையை முடிக்க முயல்கிறார், இப்போது அவரைத் தடுப்பது எது என்ற நான்கு வினாக்களுக்கும் விடை தரும் ஒரே வாக்கியத்தை எழுதிப் பார்ப்பது வடிவமைப்பாளர்களின் வழக்கம். "நகரப் பேருந்துகள் பற்றிய அனைத்துத் தகவல்களையும் தரும் செயலி" என்ற வாக்கியத்தில் பயனரும் இல்லை, சூழலும் இல்லை. அதை எந்தச் சோதனையாலும் பிழையென்று காட்ட முடியாது. "மாலையில் நிறுத்தத்தில் நிற்பவர், அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பதா, ஆட்டோவில் ஏறுவதா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்ய உதவும் செயலி" என்று எழுதியவுடன் பல கேள்விகளுக்கு விடை தானாகவே தெளிவாகிறது. முதல் திரையில் வழித்தட வரைபடம் தேவையில்லை, நிமிடக் கணக்கே தேவை. நிற்பவரின் ஒரு கையில் பை இருக்கும். இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும். தகவல் எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்பதைச் சொல்லாவிட்டால், வராத பேருந்துக்காக ஒருமுறை காத்திருந்தவர் அச்செயலியை மீண்டும் நம்பமாட்டார்.

வாக்கியத்துக்கு அடுத்த நிலை, பயனர் செயலியைத் திறப்பது முதல் வேலையை முடிப்பது வரையிலான படிகளை வரிசையாக வரைந்துபார்ப்பது. பயனர் வழித்தடம் என்று கூறத்தக்க இவ்வரிசையில் எல்லாம் சரியாக நடக்கும் பாதையை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்துவது, தொடக்க நிலையினர் வழக்கமாகச் செய்யும் தவறு. இணைப்பு அறுந்தால் என்ன தெரியும், கடவுக்குறியீடு வராவிட்டால் அடுத்து எங்கே செல்வது, இன்னும் எதுவும் பதியப்படாத முதல் நாளில் வெற்றுத் திரையில் என்ன இருக்கும் என்பனவும் வடிவமைப்பின் பகுதிகளே. பணப் பரிமாற்றம் பாதியில் நின்றுபோகும்போது, தொகை கணக்கிலிருந்து சென்றுவிட்டதா இல்லையா என்பதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு வரி, செயலியின் மற்றெல்லா அழகையும்விட மதிப்புடையது.

காகிதத்தில் தொடங்கும் சோதனை

எண்ணத்தைச் சோதிக்க நிரல் எழுதிமுடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1996இல் வெளியான பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அக்கருவி உருப்பெறும் முன்பே அதே அளவில் வெட்டிய ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சந்திப்பைக் குறித்துக்கொள்ளும் வேளைகளில் அதை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்து பார்த்தார் என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. பையில் பொருந்துகிறதா, எந்தத் தேவைக்காக அடிக்கடி கை அதை நாடுகிறது என்ற கேள்விகளுக்கு மின்சுற்று இல்லாமலேயே அவருக்கு விடை கிடைத்தது. செயலி வடிவமைப்பில் இதற்கு இணையானது காகித முன்மாதிரி. ஒவ்வொரு திரையும் தனித்தனித் தாளில் பெட்டிகளும் கோடுகளுமாக வரையப்படுகிறது. நிறமும் படமும் இல்லாத இந்த வரைவு வயர்ஃபிரேம் எனப்படுகிறது. சோதனைக்கு வந்தவர் தாளில் உள்ள பொத்தானை விரலால் தொட, குழுவில் ஒருவர் கணினியின் இடத்தில் இருந்து அடுத்த தாளை எடுத்துவைக்கிறார். வரைவு முடிவுறாததாகத் தோன்றுவதால், பார்ப்பவர்கள் தயக்கமின்றிக் குறை சொல்கிறார்கள். நிறம் பற்றிய விவாதத்தில் நேரம் செலவாவதும் தவிர்க்கப்படுகிறது.

ஐபிஎம் ஆய்வாளர்களான ஜான் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட கட்டுரையில், தொடக்கத்திலிருந்தே பயனரை மையமாக்குதல், அவர்களின் செயலை அளந்து பார்த்தல், கண்ட குறைகளைத் திருத்தி மீண்டும் சோதித்தல் என்ற மூன்று கொள்கைகளை வகுத்தனர்; இன்றைய செயலி வடிவமைப்பும் அவற்றின்மேல்தான் நிற்கிறது. எத்தனை பேரிடம் சோதிப்பது என்ற கேள்விக்கு, ஒரு சுற்றில் ஐந்து பேரே போதும் என்றும், அவர்கள் வழியாகவே பயன்பாட்டுக் குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு தெரிந்துவிடும் என்றும் பயன்பாட்டியல் வல்லுநர் ஜேகப் நீல்சன் 2000இல் வாதிட்டார். இக்கணக்கின்மீது மாற்றுக் கருத்துகள் உண்டு எனினும், ஒரே முறை பெருஞ்சோதனை நடத்துவதைவிடச் சிறு சோதனைகளைத் திரும்பத் திரும்ப நடத்துவது மேல் என்ற அதன் உட்கருத்து நடைமுறையில் நிலைத்துவிட்டது. ஐந்து பேரின் தடுமாற்றம் பொத்தான் எங்கே பிழைத்தது என்பதைக் காட்டுமே தவிர, அச்செயலி மக்களுக்குத் தேவையா என்பதைச் சொல்லாது. அதற்கு, சில வாரங்கள் அவர்கள் கையில் அதைக் கொடுத்துப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

விரலும் எழுத்தும்

திரையின் வடிவத்தை மனித உடலின் இயல்பும் தீர்மானிக்கிறது. ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தொலைவையும் அளவையும் பொறுத்தது என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் கணித வாய்பாடாகத் தந்தார். தொடக்கூடிய பகுதி குறைந்தது 44 புள்ளி அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என ஆப்பிளும், 48 அலகு இருக்க வேண்டும் என ஆண்ட்ராய்டும் கூறும் பரிந்துரைகள் இவ்வுண்மையின் நடைமுறை வடிவங்களே. ஆண்ட்ராய்டின் அளவு திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்குச் சமம். வடிவமைப்பாளர் ஸ்டீவன் ஹூபர் 2013இல் பொது இடங்களில் கைபேசியைக் கையாண்ட 1,333 பேரைக் கவனித்தபோது, திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் அதைப் பிடித்திருந்தனர். பெரிய திரைகள் வந்தபின் முதன்மையான பொத்தான்கள் கட்டைவிரல் எட்டும் கீழ்ப்பகுதிக்கு இறங்கியதன் பொருத்தம் இதனால் விளங்கும். பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற பன்னாட்டு அணுகல் நெறி, பார்வை குறைந்தவர்களை எண்ணி வகுக்கப்பட்டது. நண்பகல் வெயிலில் தெருவில் நிற்பவருக்கும் அது உதவுகிறது.

ஆங்கிலத்தில் வரைந்த திரையில் தமிழைப் பின்னர் இட்டு நிரப்பும்போது எழும் சிக்கல்கள் தனியே கருதத்தக்கவை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்படுகின்றன. மேலும் கீழும் நீளும் உயிர்க்குறிகள், நெருக்கமாக அமைத்த வரிகளில் ஒன்றோடொன்று உரசுகின்றன. "கிருஷ்ணமூர்த்தி" என்ற பெயர் படிப்பவருக்கு 8 எழுத்துகளாகத் தோன்ற, ஒருங்குறி முறையில் கணினி அதை 15 குறிகளாக எண்ணுகிறது. எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் படிவம் அத்தகைய பெயரைப் பாதியில் நறுக்கிவிடக்கூடும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இடும் தமிழ் வழக்கத்துக்குக் "குடும்பப் பெயர்" என்ற கட்டாயப் பெட்டி பொருந்துவதில்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் அறிமுகமான செல்லினம், திறன்பேசிகள் பரவாத காலத்திலேயே கைபேசியில் தமிழில் செய்தி எழுத வழிசெய்தது. மொழியைக் கடைசியில் ஒட்டும் பூச்சாகக் கருதாமல் தொடக்கத்திலேயே கணக்கில் கொண்டால் எவ்வளவு எட்டலாம் என்பதை அம்முயற்சி காட்டியது.

சில வேளைகளில் சரியான விடை திரைக்கு வெளியே இருக்கிறது. இந்தியாவின் கைபேசிப் பணப் பரிமாற்ற முறையான யுபிஐ வழியாகப் பணம் பெறும் கடைக்காரர், கூட்ட நேரத்தில் பொருளை எடுத்துக்கொடுத்துக்கொண்டே கைபேசியைப் பார்த்துப் பணம் வந்ததா எனச் சரிபார்க்க இயலாது. பேடிஎம் 2019இல் அறிமுகப்படுத்தி, பின்னர் பிற நிறுவனங்களும் பின்பற்றிய ஒலிப்பெட்டி, வந்த தொகையைக் குரலால் அறிவித்து அச்சிக்கலைத் தீர்த்தது. இணையம் இல்லாத சாதாரணக் கைபேசிகளுக்காக 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட யுபிஐ 123பே சேவையும், பயனரைச் செயலிக்கு இழுக்காமல் பயனர் இருக்கும் இடத்துக்குச் சேவையைக் கொண்டுசென்ற முயற்சியாகும்.

எதை அளப்பது, எங்கே நிறுத்துவது

வெளியான செயலியின் வெற்றியைப் பதிவிறக்க எண்ணிக்கையால் அளப்பது எளிது. விளம்பரச் செலவைக் கூட்டினால் அவ்வெண்ணும் கூடும். ஒரு மாதத்துக்குப் பின்னும் எத்தனை பேர் திரும்பி வருகின்றனர் என்ற தக்கவைப்பு அளவே எண்ணத்தின் வலிமையைக் காட்டுகிறது. ஆனால் திரும்பி வருதல் பயனால் நிகழ்கிறதா, பழக்க அடிமைத்தனத்தால் நிகழ்கிறதா என்பதை அந்த எண் பிரித்துச் சொல்வதில்லை. வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் 2013இல் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்ட் என்ற எளிய விளையாட்டு, 2014இன் தொடக்கத்தில் தரவரிசைகளின் உச்சியில் இருந்தபோதே, அது மக்களை அடிமைப்படுத்துவதாகக் கருதி அவர் அதைக் கடைகளிலிருந்து விலக்கிக்கொண்டார். அத்தகைய முடிவை எல்லோரும் எடுப்பதில்லை என்பதால் சட்டம் தலையிட வேண்டியிருக்கிறது.

பயனர் விரும்பாத ஒன்றை அவரறியாமல் செய்யவைக்கும் திரையமைப்புகளுக்கு டார்க் பேட்டர்ன் என்ற பெயரை 2010இல் பிரிட்டன் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் சூட்டினார். இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. பொய்யான அவசரத்தை ஊட்டுதல், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்தல், சந்தாவிலிருந்து வெளியேறுவதைச் சிக்கலாக்குதல் ஆகியவை அவற்றுள் சில. அதே ஆண்டு இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று பயனரின் முகவரிப் பட்டியலையும் கேட்டால், அவர் ஒப்புக்கொண்டிருந்தாலும் அந்த ஒப்புதல் மருத்துவச் சேவைக்குத் தேவையான தரவோடு நின்றுவிடும் என்பதைச் சட்டமே எடுத்துக்காட்டாக விளக்குகிறது. ஆகவே எந்தத் தரவைக் கேட்பது என்ற முடிவும் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டியதாகிறது.

இவற்றையெல்லாம் கடந்துவந்த ஓர் எண்ணம், செயலியாகவே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் வேலைக்கு ஓர் இணையப் பக்கமும், ஒரே வரித் தகவலுக்கு ஒரு குறுஞ்செய்தியும் போதுமானவை. இடம் குறைந்த கைபேசியில் இன்னொரு செயலியை நிறுவச் சொல்வதற்கு அதைவிட வலுவான காரணம் வேண்டும். அக்காரணம் இருக்கிறதா என்பதை ஐந்து தாள்களையும் ஐந்து மனிதர்களையும் கொண்டு ஒரு பிற்பகலில் ஓரளவு அறிந்துகொள்ளலாம் என்பதால், காகிதத்திலேயே கைவிடப்பட்ட எண்ணமும் அதற்குச் செலவான நேரத்துக்கு ஈடான பயனைத் தந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும்.